செக்ரோலும் ஞானஸ்நான ஏடும்

மலேசியாவின் ஈப்போ சிலிபின் பக்கம் ஒரு கத்தோலிக்கத் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தால், முன்கூடத்துச் சுவரில் ஒரு சின்னப் பீடம் இருக்கும். நடுவில் திரு இருதய ஆண்டவர் படம், பக்கத்தில் லூர்து மாதா சுரூபம், முன்னால் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பு. அதற்குச் சற்றுத் தள்ளி, மாலை போட்ட பாட்டியின் படம். அது கல்யாணத்திலோ திருநாளிலோ எடுத்த படமாக இருக்காது. அடையாளக் கார்டுக்காக எடுத்ததைப் பெரிதாக்கி மாட்டியிருப்பார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. கண் நேராக நம்மையே பார்க்கும். பல வீடுகளில் பாட்டியைத் தனியாக எடுத்த ஒரே படம் அதுதான்.

பாட்டி எந்த வருசம் பிறந்தார் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கார்டில் இருக்கும் தேதி யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பாட்டியின் கணக்கு வேறு: “ஜப்பான்காரன் வந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு.” ஜப்பானியப் படை ஈப்போவுக்குள் வந்தது 1941 டிசம்பர் கடைசியில். அப்படியானால் 1926. அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்து தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்த பாட்டிகள் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் பல பேர். இங்கே பாட்டி என்று வருபவர் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானவர் இல்லை, அந்தத் தலைமுறைக்கே பொதுவானவர். அதனால் அவருக்குப் பெயர் வைக்கவில்லை.

அவரைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். முக்கியமாக இரண்டு புத்தகங்கள். ஒன்று, தோட்டத்து ஆபீசில் கிராணி எழுதிய செக்ரோல். எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை ராத்தல் ரப்பர் பால் கொண்டுவந்தார், எவ்வளவு பிடித்தம் என்பது அதில் இருக்கும். இன்னொன்று, மாதா கோயில் அலமாரியில் இருக்கும் ஞானஸ்நான ஏடு. அந்தக் காலத்துச் சாமியார்கள் அதை லத்தீனில் எழுதினார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கீழே சாமியாரின் கையெழுத்து. ஒரு தோட்டத்துக் கூலிப் பெண்ணின் தாய்க்கும் பெயர் இருந்தது என்று எழுதிவைத்த புத்தகம் அன்றைய மலாயாவில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

தோட்டங்கள் மூடப்பட்டபோது செக்ரோல்கள் போன இடம் தெரியவில்லை. கோயில் ஏடு பூட்டிய அலமாரியில் இருந்தது.

*

1926 பேராக்கில் ஒரு விசேஷமான ஆண்டு. பத்து காஜாவுக்குப் பக்கத்தில், தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு மலைமேல் பெரிய மாளிகை எழுப்பிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் அந்த ஆண்டு டிசம்பரில் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை முடியாமலே நின்றது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கெல்லி கோட்டை அதுதான்.

அதே 1926இல் ஈப்போ புரூஸ்டர் ரோடு 141ஆம் எண் கட்டடத்தில் ஒரு கிளினிக் திறந்தது. நடத்தியவர்கள் இருவர்: யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளி டாக்டர் ஏ.சி. காத்திகேசு, அவருடைய மனைவி சிபில். சிபில் 1899 செப்டம்பர் 3 அன்று சுமத்திராவின் மேடானில் பிறந்த யுரேஷியப் பெண். படித்த நர்ஸ், மருத்துவச்சி, கத்தோலிக்கர். கண்டனீஸ் சரளமாகப் பேசுவார். 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் கோயிலில் கல்யாணம். அந்த ஆண்டு ஆகஸ்டில் பிறந்த முதல் பிள்ளை மைக்கேல் 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. பிறகு வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்தார்கள். 1921இல் ஓல்கா, 1936இல் டான் என்று இரண்டு பெண்கள். ஊரார் சிபிலை ‘மிஸ்ஸி’ என்றார்கள்.

அந்த 19 மணி நேரத்தின் வலி தோட்டத்துத் தாய்மாருக்குத் தெரியாததில்லை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் பிள்ளை பெறுவது மருத்துவச்சிக் கிழவியின் கையில்தான். பிள்ளை தங்காது போலத் தெரிந்தால், சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். கத்தோலிக்க மருத்துவச்சிகள் அந்த வாசகத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தூய ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்று பழைய தமிழில்தான் சொல்வார்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தகரக் குவளைத் தண்ணீர், மண்ணெண்ணெய் விளக்கு. பிள்ளை பிழைத்தால் பிறகு சாமியார் வந்து மீதிச் சடங்கை முடிப்பார். போய்விட்டால் மரியாள் என்றோ அந்தோணி என்றோ ஒரு பெயரோடு புதைப்பார்கள்.

*

இந்தக் கத்தோலிக்கர்கள் பேராக்குக்கு எப்படி வந்தார்கள்? திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி, தென்னாற்காடு என்று பல பக்கமிருந்தும் கங்காணியோடு கப்பலேறியவர்களில் அவர்களும் இருந்தார்கள். மேலும் ஒரு வழி இருந்தது. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ரெனே ஃபே என்ற பிரெஞ்சுச் சாமியார் 1880களில் பாகான் செராய்க்கு அருகே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தி ஒரு விவசாய ஊரை உண்டாக்கினார். அதன் பெயர் சூசைப்பாளையம். சூசையப்பரின் பெயரில், கோயிலைச் சுற்றி, சொந்த நிலத்தில் எழுந்த தமிழ் ஊர். கங்காணிக்குக் கடன்பட்டு லயத்தில் கிடந்த மக்களுக்குப் பக்கத்திலேயே இப்படியும் ஒரு ஊர் இருந்தது பெரிய விஷயம். ரெனே ஃபே பின்னர் 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். அன்று தீபகற்பம் முழுவதும் அந்த மறைமாவட்டத்துக்குள்தான் இருந்தது. பேராக் பினாங்கு மறைமாவட்டத்தின் கீழ் வந்தது 1955இல்.

தோட்டங்களில் சாமியார் நினைத்தபோது கிடைக்க மாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் உபதேசியார்தான். அவரும் மற்ற நாளில் பால் வெட்டுபவராகவோ தோட்டத்துப் பள்ளி வாத்தியாராகவோ இருப்பார். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், பலகை பெஞ்சு, ஒரு மணி. அவர் முன்னால் முட்டி போட்டு ஜெபமாலை தொடங்குவார், பின்னால் பெண்கள் குரல் கொடுப்பார்கள். பாட்டி எழுதப் படிக்கக் கற்றிருக்க மாட்டார். 1923 தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளியும் இருந்தது. ஆனால் தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டுமே. எழுத்து தெரியாத அந்தப் பிள்ளைக்குப் பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், நீண்ட பிரார்த்தனைகள் எல்லாம் காதால் கேட்டே பாடமாகின. தொண்ணூறு வயதில் பிள்ளைகளின் பெயர் மறந்தபோதும் அவை மறக்கவில்லை.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்னம்மாள், சவரியம்மாள், அருளாயி, ஞானம்மாள், செபமாலை. இவற்றில் சவரி என்பது சேவியர். பிரான்சிஸ் சேவியர் 1542இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே உழைத்தவர், 1545இல் மலாக்காவுக்கும் வந்தவர். இரண்டு கரைகளையும் தன் காலில் அளந்தவரின் பெயரை, கடல் தாண்டி வந்த கூலிக் குடும்பங்கள் பெண்பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

*

பாட்டியின் வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அதை யாரும் பெரிய திறமையாக எழுதி வைக்கவில்லை.

விடியும் முன் பெரட்டு. களத்தில் பெயர் கூப்பிட்டதும் ஆளுக்கொரு நிரைக்குக் கிளம்ப வேண்டும். கைப்பிள்ளை இருந்தால் அதற்கு முன்பே ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி, முதுகில் ஒரு பை. கித்தா எனும் ரப்பர் மரக் காட்டில் கொசுவும் பனியும். மரத்தருகே வந்ததும் நேற்று வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நகத்தால் நெம்பி இழுப்பார். ரிப்பன்போல வரும். அதுதான் கோட்டுப்பால், அது பைக்குள் போகும். பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்துக் கவிழ்ந்துவிடாமல் சரிசெய்வார். பிறகு கத்தி.

வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாகச் சாய்ந்து சுற்றிச் செல்வதால், இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு நிறையப் பால் வரும். பால் அதிகம் இருக்கும் இடம் பட்டையின் உள்ளோரம், கட்டையை ஒட்டி. கட்டையில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முண்டு கட்டும். மேற்பார்வை செய்யும் தண்டல் வந்து பார்த்தால் திட்டும் பிடித்தமும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. நடுவில் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில், கையுணர்வை வைத்துக்கொண்டே, ஒரு காலையில் சில நூறு மரங்களில் பாட்டி கண்டுபிடிப்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் இருட்டில் வேலை. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கூலியில்லை.

வெட்டி முடித்த பின் அதே நிரையைத் திரும்பச் சுற்றி, மங்குகளில் நிறைந்ததை வாளியில் ஊற்றிக்கொண்டு, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். பாட்டிமாரின் தோளில் இருந்த காய்ப்பு கடைசிவரை போகவில்லை. 1920களின் கடைசியில் பல வட்டாரங்களில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரத்துக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. செக்ரோலுக்குத் தெரிந்தது.

மலாயாவின் கித்தாவுக்கு முன்னோடியாகக் கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று பெரிய மரமாகி இன்னும் நிற்கிறது. வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மரத்துக்கு மரியாதை செய்தது நல்லது. அதை வெட்டிய கைகளுக்கும் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கலாம் என்று அங்கே போகிற தமிழர் யாருக்கும் தோன்றும்.

*

பிறகு ஜப்பான்காரன் காலம். பாட்டிகள் அதைப் பற்றிக் கேட்டால் முதலில் மரவள்ளிக்கிழங்கைத்தான் சொல்வார்கள். கித்தாவுக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை, உடுத்தத் துணி இல்லை. கோணிச் சாக்கை வெட்டித் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சயாமைச் சொல்வார்கள்.

சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சிலரை நல்ல கூலி என்று சொல்லி அழைத்தார்கள், சிலரைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காலரா, மலேரியா, பட்டினி, அடி எல்லாம் சேர்ந்து அவர்களில் பெரும் பகுதியைக் கொன்றிருந்தன. மரண ரயில் என்ற பெயர் அதனால் வந்தது.

திரும்பாதவர்களின் முடிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. செக்ரோலில் ஒரு நாளோடு அவர்களின் வரி நின்றுபோனது. கோயிலில் அடக்கம் செய்தவர்களின் பெயரை எழுதும் தனி ஏட்டில் எழுத, அடக்கமே நடக்கவில்லை. பதினாறு பதினேழு வயதில் கல்யாணமாகி, கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு நின்ற பெண்களுக்குத் தாங்கள் சுமங்கலியா விதவையா என்றே தெரியவில்லை. இறந்தார் என்று உறுதியாகாமல் கோயிலில் மறுமணமும் செய்ய முடியாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வந்தால் மற்றவர்கள் குழிமேட்டைச் செதுக்கிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சயாமுக்கு ஆளை அனுப்பியவர்கள் கல்லறையின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவைக்கு அடியில் ஏற்றினார்கள்.

அதே ஆண்டுகளில்தான் சிபில் காத்திகேசு தன் பெரிய வேலையைச் செய்தார். குண்டுவீச்சு தொடங்கியதும் குடும்பம் ஈப்போவை விட்டுப் பாப்பானுக்குப் போனது. ஈய வயல்களுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய வீதி உள்ள சிற்றூர் அது. அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் மருந்து கொடுத்தார்கள். இரவில் பின்வாசல் வழியாக, காட்டில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள் வந்தார்கள். குண்டுக் காயங்களுக்குச் சிகிச்சை செய்து அனுப்பினார் சிபில். பி.பி.சி. செய்தி கேட்கத் தடை செய்யப்பட்ட ரேடியோ ஒன்றையும் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அதற்கு வைத்த சங்கேதப் பெயர் ஜோசஃபின்.

1943இல் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் பிடித்துக்கொண்டுபோனது. அடி, தண்ணீர்ச் சித்திரவதை, நகங்களில் ஊசி. யார் பெயரையும் சொல்லவில்லை. கடைசியில் ஏழு வயது மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, தாயைப் பார்க்க வைத்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. பிள்ளை உயிர் தப்பியது. சிபிலுக்குப் பத்து காஜா சிறையில் ஆயுள் தண்டனை. 1945இல் போர் முடிந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்குப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள், 1947இல் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12 அன்று அங்கேயே இறந்தார். 49 வயதுகூட நிறையவில்லை. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் புதைத்த உடலை 1949 மார்ச்சில் ஈப்போவுக்குக் கொண்டுவந்து, புரூஸ்டர் ரோட்டில் செயின்ட் மைக்கேல் கோயிலை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அவர் சொல்லி எழுதிய நினைவுகள் 1954இல் புத்தகமாக வந்தன.

மருத்துவச்சியாக அத்தனை பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவருக்கு, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் முதுமை வாய்க்கவில்லை. அதனால்தான் நீண்ட காலம் வாழ்ந்த பாட்டிகளைப் பேசும்போது அவர் நினைவு வருகிறது. அவர் பார்க்காத எழுபது ஆண்டுகளை இவர்கள் பார்த்தார்கள்.

*

சிபில் இறந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்கு இழுத்து முள்கம்பி போட்டார்கள். காட்டுக்காரர்களான கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று வேலைக்குப் போகும் பெண்களின் பையையும் வாளியையும் வாசலில் சோதித்தார்கள். காடு முன்னால், துப்பாக்கி பின்னால், நடுவில் பால் வெட்டு. ஊரடங்கு நேரத்தில் கோயிலுக்குப் போக முடியாததால் ஜெபமாலை லயத்துக்குள்ளேயே நடந்தது. ஒரு வீட்டில் ஆரம்பித்தால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் பதில் வரும். மாரியம்மனைக் கும்பிடும் பக்கத்து வீட்டு அக்காவும் சில சமயம் கூடச் சொல்வார். வரிசை முழுக்க ஒரே சுவர்தானே.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அரசாங்கம் புகைப்படம், கைரேகையோடு அடையாளக் கார்டு கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான். சுவரில் மாட்டியிருக்கும் சிரிக்காத முகத்துக்கு மூலம் அது. கேமராவுக்கு முன்னால் பாட்டி நின்றது பயத்தோடு.

1957 சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு கவலை. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் ஆட்களை நிறுத்தினார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். நூறு வெள்ளிப் பங்கு, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். சேலை முந்தானையில் முடிந்து வைத்த காசை எடுத்துக் கட்டிய பெண்கள் ஏராளம். பேராக்கில் மனமுவந்து கேட்க வேண்டிய கதைகளில் அது ஒன்று. 1961இல் கெடாவில் முதல் தோட்டம் வாங்கினார்கள்.

எல்லாருக்கும் அது கைகொடுக்கவில்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சில பாட்டிகளின் தங்கைகள் அப்படிப் போனவர்கள். நாகப்பட்டினத்தில் இறங்கிய பின் ஓரிரண்டு கடிதம், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

கோயிலுக்குள்ளும் மாற்றம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. அதன்பின் லத்தீன் பூசை தமிழ்ப் பூசையானது. இளையவர்களுக்குச் சந்தோஷம். பாட்டிக்கோ சாமியார் சனங்களைப் பார்த்து நின்றுகொண்டு பூசை வைப்பது பழக நாள் பிடித்தது. அதுவரை பீடத்தில் சாமியார் லத்தீனில் சொல்ல, கீழே பாட்டி தன் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானது. நன்மை வாங்குவது நற்கருணை வாங்குவதானது. பேத்தி திருத்தினால், “நீ அப்படிச் சொல்லு, எனக்கு இது வாயில வந்துருச்சு” என்பார்.

*

கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். பல இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. லயத்தைக் காலிசெய்யச் சொன்னபோது, முப்பது நாற்பது வருசம் வேலைசெய்த பெண்கள் தகரப் பெட்டியில் துணியையும், துணிக்குள் சுற்றிய மாதா சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு மகன் வீட்டுக்கு வந்தார்கள். தோட்டத்துக் கோயிலின் மணியை எங்கே கொண்டுபோனார்கள் என்று கடைசிவரை விசாரித்தவர்கள் உண்டு.

ஈப்போவில் அவர்களுக்கு வாய்த்தது சிலிபின் லூர்து மாதா கோயில். பிப்ரவரி 11 திருநாள். பக்கத்திலேயே புந்தோங். எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் வறுத்த கடலையும் முறுக்கும் பக்கோடாவும் விற்றே ஒரு கம்பத்துக்கு (கிராமத்துக்கு) கச்சாங் பூத்தே என்று பெயர் வாங்கித் தந்த இடம். தோட்டத்துப் பாட்டிக்கு நகரத்தில் பேச்சுத்துணை கிடைத்தது அந்தத் தெருக்களில்தான். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு பிழிய அச்சு இரவல் வாங்குவதும், தீபாவளிக்குத் திருப்பிக் கேட்டு வருவதும் இரண்டு வீட்டுக்கும் வழக்கம்.

வருசத்துக்கு ஒரு முறை ஜூலையில் பஸ் பிடித்து புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில். அன்னம்மாள் திருநாள் ஜூலை 26. 1888இல் கட்டிய பழைய கோயில், அவசரகாலத்தில் அந்தப் பகுதி ஆபத்தானதென்று மூடிக் கிடந்தது. 2002இல் பெரிய புதுக் கோயில் எழுந்தது. தமிழர், சீனர், யுரேஷியர், கத்தோலிக்கர் அல்லாதவர் எல்லாரும் மெழுகுவத்தியோடு பவனி போவார்கள். அன்னம்மாள் மாதாவின் தாய், சேசுவின் பாட்டி. பாட்டிகளுக்கு அவரிடம் ஓர் உரிமை. மாதாவிடம் கெஞ்சுவார்கள். அன்னம்மாளிடம் நடுத்திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுவார்கள்: இந்தப் பேரனுக்கு வேலை, அந்தப் பேத்திக்கு வரன், முழங்காலுக்குக் கொஞ்சம் பலம். அங்கே எடுத்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து வருசம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டிகளுக்கென்று உலக நாள் ஒன்றை ஏற்படுத்தி, அன்னம்மாள் திருநாளை ஒட்டிய ஜூலை நான்காம் ஞாயிற்றில் வைத்தார். 1926இல் பிறந்தவர்களில் அதைப் பார்க்க இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கடைசி வருடங்களில் பாட்டிக்கு நேரம் குழம்பும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு நேரமாச்சு என்று செருப்பைத் தேடுவார். மருமகள் கையைப் பிடித்து, “இன்னிக்கு மழை, வேலை இல்ல, படுங்கம்மா” என்று சொன்னால் சமாதானமாகிப் படுத்துக்கொள்வார். அந்தக் கையில் ஜெபமாலை இருக்கும். பெருவிரல் மணியைத் தள்ளும் விதத்தைப் பார்த்தால் கோட்டுப்பாலை நெம்பிய அதே விரல் என்று தெரியும்.

*

பாட்டியின் ஈமச் சடங்கு முடிந்து சில மாதம் கழித்து, சொத்துப் பத்திரத்துக்கோ குடும்ப வரலாறு எழுதவோ பேரப்பிள்ளைகளில் ஒருவர் கோயில் ஆபீசுக்குப் போவார். வருசம் சரியாகத் தெரியாது, தோட்டத்துப் பெயர் தெரியும். ஆபீசில் இருப்பவர் பழைய ஏட்டை எடுத்து மேசையில் விரிப்பார். தாள் பழுத்திருக்கும், ஓரம் பூச்சி அரித்திருக்கும். பிரெஞ்சுச் சாமியாரின் சாய்ந்த எழுத்தில் வரிவரியாகப் பெயர்கள். விரலை வைத்து 1925, 1926, 1927 என்று தேடிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டில் சின்னாயி என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் ஒரு நம்பர். இங்கே அன்னா. அடுத்த கட்டத்தில் தகப்பன் பெயர். அதற்கடுத்து, வீட்டில் யாருக்கும் தெரிந்திராத, பாட்டியும் ஒருநாளும் சொல்லாத, பாட்டியைப் பெற்றவளின் பெயர். பக்கத்து ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். கத்தோலிக்கர் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது விதி. சிலருக்கு அங்கே ஒரு குறிப்பு, சிலருக்கு இரண்டு. இரண்டாவது குறிப்பு இருந்தால், முதல் குறிப்புக்கும் அதற்கும் நடுவில் சயாம் இருக்கிறது.

ஆபீஸ்காரர் சான்றிதழ் தாளை எடுத்துப் பேனாவைத் திறப்பார். தாயின் பெயரை எப்படி எழுதட்டும், ஏட்டில் இருக்கிற மாதிரியா, தமிழில் நீங்கள் சொல்கிற மாதிரியா என்று கேட்பார். பேரன் குனிந்து அந்தப் பெயரை இன்னொரு தடவை படிப்பார்.